ஆட்டுக்குப் பார்த்தேன், செல்விக்குப் பார்க்கவில்லை

9.5.2005, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சைக்கிள் பின் டயரில் காற்று இல்லை. உப்பளக் குடியிருப்புக்கு நடந்தே போனேன். இரும்புச் சத்து மாத்திரை நாலு வீட்டுக்கு. மூன்று வீட்டில் போன மாத மாத்திரையே அப்படியே இருக்கிறது.

செல்விக்கு ஒன்பதாம் மாதம். தலைச்சன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், குழந்தையின் தலை இன்னும் மேலேதான். கால் பக்கம் கீழே. இந்தப் பிரசவத்தை என்னைப் போன்ற கிராம நர்ஸ் பார்க்கக் கூடாது. பாண்டி பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"அங்க போனா வயித்த அறுத்துடுவாங்க. அப்புறம் எப்படி உப்புக் கூடை தூக்கறது?"

மாமியார் அஞ்சலைதான், "நான் கூட்டினு போறேன் சிஸ்டர்" என்றாள். நல்ல மனுஷி.

வாங்க: பஞ்சு, டெட்டால், வால்வு டியூப்.

11.5, புதன்

தடுப்பூசி நாள். இருபத்து மூன்று குழந்தைகள், ஒரே ஓலம். ஐஸ் பெட்டியை மூடுவதற்குள் அஞ்சலை ஓடி வந்தாள். ஆடு குட்டி போட முடியாமல் கிடக்கிறதாம். பின்னங்கால் இரண்டும் வெளியே நிற்கிறதாம். மாட்டு டாக்டர் லீவாம்.

"நான் மனுஷங்களுக்குப் பாக்கறவ, அஞ்சல."

"ஆடும் பொம்பளதானே சிஸ்டர்."

எனக்குக் கொடுத்த வேலைப் பட்டியலில் செய்யலாம் என்ற பக்கத்திலும் ஆடு இல்லை, கூடாது என்ற பக்கத்திலும் இல்லை. கையுறை எடுத்துக்கொண்டு போனேன். ஆடு அளத்துக் கொட்டகை நிழலில் கிடந்தது. முதல் குட்டி: உடம்பு வந்தது, தலை மாட்டிக்கொண்டது. எடுப்பதற்குள் போய்விட்டது. இரண்டாவது நேராக, தானாகவே வந்தது. வெள்ளைக் காது. வந்ததும் தும்மியது.

செத்ததை அஞ்சலை கோணியில் சுற்றி வரப்போரம் புதைத்தாள். "புள்ளத்தாச்சி இருக்கிற வூடு. செல்வி காதுல இது வுழ வேணாம்." சரி என்றேன். எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது.

12.5, வியாழன்

டீக்கடையில் யாரோ: "கால் மொதல்ல வந்த குட்டியையே காப்பாத்திட்டாங்களாமே நம்ம சிஸ்டர்." திருத்தவில்லை. வெட்கமே இல்லாமல் ஒரு மசால் வடை கூடுதலாகத் தின்றேன்.

14.5, சனி

செல்வி ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்கிறாள். வெள்ளைக் காது அவள் மடியில்.

"ஆட்டுக்குக் கால் மொதல்ல வந்தப்ப நீங்கதானே எடுத்தீங்க. எனக்கும் நீங்களே பாருங்க சிஸ்டர். உங்க கைய நம்பறேன்."

இருபது வருஷ வேலையில் யாரும் என்னிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை. நான் இவ்வளவு பயந்ததும் இல்லை.

அஞ்சலையைப் பார்த்தேன். கண்ணாலேயே வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டேன்.

"இது ரெண்டாவது குட்டி. நேரா வந்தது. கால் மொதல்ல வந்தது என் கையிலயே செத்துப் போச்சு செல்வி."

அஞ்சலை என் வாயைப் பொத்தவே வந்தாள். பிறகு தன் முந்தானையை எடுத்து மருமகள் வயிற்றை மூடினாள். "எந்திரிச்சிப் போங்க சிஸ்டர்."

வந்துவிட்டேன். அஞ்சலை கோபித்தால் கோபிக்கட்டும், அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமே.

16.5, திங்கள்

ஏழு மணிக்கு சப்-சென்டர் வாசலில் அஞ்சலை. என் முகத்தைப் பார்க்கவில்லை. "செல்வி மூட்டை கட்டிட்டா. நீங்களும் வரணுமாம்."

எங்கள் சுகாதார நிலைய டாக்டரம்மாவிடம் போனில் சொல்லிவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். கூட்டம். செல்விக்கு ஜன்னல் சீட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அஞ்சலை கூனிமேடு தாண்டியும் வாய் திறக்கவில்லை. பெட் கிடைத்தது. நாளைக்கு ஆபரேஷன்.

17.5, செவ்வாய்

காலை பத்தரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வாசலில் ஒரு சின்ன நர்ஸ், "அட்டெண்டர்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க." நின்றேன். இங்கே நானும் அட்டெண்டர்தான். பக்கத்தில் அஞ்சலை.

கதவு திறந்தது. பெண் குழந்தை, பச்சைத் துணியில். தாயும் நன்றாக இருக்கிறாளாம்.

"சொந்தக்காரங்க யாரு? கை நீட்டுங்க."

அஞ்சலை நீட்டவில்லை. முதுகில் கைவைத்து என்னை முன்னால் தள்ளினாள். "மொதல்ல எங்க சிஸ்டர் பாக்கட்டும்."

வாங்கினேன். உதடு சிவப்பு. விரல்கள் சரி. முதுகு சரி. அழுகை பலம்.

"நல்லா இருக்குதா?" அஞ்சலை கேட்டாள்.

டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது.

"நல்லா இருக்குது அஞ்சல" என்றேன்.