கிழவியாக ஆசைப்பட்ட அம்மாவுக்கு

என் பிரியமான அம்மா,

மாதர் சங்கத்து ஆண்டு மலரில் உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லி, காரியதரிசி அம்மா உறையூர் வரைக்கும் என்னைத் தேடி வந்தார். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். "அவர் எப்போதும் சிரித்த முகத்துடன் இருப்பார்" என்று முதல் வரி எழுதியதுமே யாரோ அந்நியரைப் பற்றி எழுதுகிற மாதிரி ஆகிவிட்டது. அதனால் உனக்கே எழுதுகிறேன். சங்கத்தில் எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும். மறைத்துப் பேசுகிற பழக்கம் உனக்கு என்றைக்கு இருந்தது?

நீ போய் அடுத்த மாதம் ஒரு வருஷம். ஸ்ரீரங்கத்து வீட்டில் உன் புடவைகள் பீரோவில் அப்படியே இருக்கின்றன. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அத்தை சொல்கிறாள். கொடுக்க வேண்டும்தான். போன வாரம் பீரோவைத் திறந்தேன், உன் வாசனை வந்தது, மூடிவிட்டேன்.

அணா போய் நயா பைசா வந்த வருஷம் தம்பிக்குக் கல்யாணம் முடிந்தது. உனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. "இனிமே என்ன அண்ணி, கோயில் குளம்னு இருக்க வேண்டியதுதானே" என்றாள் அத்தை. "கோயிலுக்குப் போறேன். குளம் வேணாம், ஆத்துக்குப் போறேன்" என்றாய் நீ. வேடிக்கைக்குச் சொல்கிறாய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மறு வாரமே எதிர்வீட்டு ராஜம்மாளுடன் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழக ஆரம்பித்தாய். பேரன் பேத்தி எடுத்தவள் இப்படித் தண்ணீரில் காலை உதைக்கிறாளே என்று கரையில் துணி துவைத்தவர்கள் சிரித்தார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாயாம். ராஜம்மாள்தான் சொன்னாள்.

குடுக்கை இல்லாமல் மிதக்க முடிந்த அன்றைக்கு, தலை ஈரம்கூடக் காயாமல் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாய். "மல்லாந்து படுத்துக்கிட்டே மலைக்கோட்டையைப் பாத்தேன்டி. இத்தனை வருஷமா நின்னுக்கிட்டே பாத்திருக்கேன்" என்றாய். உன் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அப்பா வேறு மாதிரி. ரயில்வே குட்ஸ் ஆபீசில் ஐம்பத்தைந்து வயதில் மாலை போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் "இருக்கப் போறது இன்னும் நாலு நாள்" என்பார். புதுச் சட்டை வேண்டாம், கண்ணாடி மாற்ற வேண்டாம், பல் கட்ட வேண்டாம். "அந்த நாலு நாளும் இந்த நாற்காலியிலேயேவாங்க?" என்று கேட்டு, அவரைக் கிளப்பி முக்கொம்பு அணைக்குக் கூட்டிப் போவாய். அங்கே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு எப்போது திரும்பலாம் என்று கேட்பார். அடுத்த மாதமும் விடாமல் கூட்டிப் போவாய். உனக்கு அலுக்கவே இல்லையா அம்மா?

சங்கத்து நாடகம் போட்ட வருஷத்தைப் பற்றி எழுதாவிட்டால் காரியதரிசி அம்மா கோபித்துக்கொள்வார். உனக்குக் கிழவி வேஷம் கொடுத்தது அவர்தான். "அதைச் சின்னப் பொண்ணு யாருக்காவது குடுங்க, அவதான் அதை நடிச்சுக் காட்டணும். எனக்கு அது தானா வரப்போவுது. நான் ராஜாவா வரேன்" என்றாயாம். மையால் மீசை வரைந்துகொண்டு வந்து நின்றாய். பாதியில் வியர்வையில் ஒரு பக்கத்து மீசை கரைந்துவிட்டது. மறு பக்கத்தையும் நீயே துடைத்துவிட்டு வசனத்தைத் தொடர்ந்தாய். கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. அப்பா வர மாட்டேன் என்றார் அல்லவா? வந்திருந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால் தூணோரமாக நின்று பார்த்தார். உன்னிடம் சொல்லாதே என்று எனக்கு ஜாடை காட்டினார். இப்போது சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் வயதை மறைக்கிற வேலை இல்லை என்பதுதான் பலருக்குப் புரியவில்லை. காதோரம் நரைத்தபோது என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினாய். யாராவது கேட்டால் வயதை ஒன்று கூட்டித்தான் சொல்வாய். எழுபது வயதில் எப்படி இருப்பேன், எண்பதில் எப்படி நடப்பேன் என்று, ஊருக்குப் போகிறவள் மாதிரி பேசுவாய்.

பிறகு காமாலை வந்தது. கண்தான் முதலில் மஞ்சளித்தது. கீழாநெல்லி கொடுத்தோம், பத்தியம் வைத்தோம். வயிறு வீங்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈரல் கெட்டுப்போய்விட்டது என்றார்கள். டாக்டர் நல்லவர், தன்னால் ஆனதைச் செய்தார். நீ மட்டும் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனாய்.

ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம் உனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். தைரியமாக ஏதாவது சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "எனக்குக் கிழவியாகணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சுடி. அதுக்குள்ள கூப்புட்டாங்களே" என்றாய். பாதியில் நின்ற பின்னலைப் பின்னி முடித்தேன். இன்றைக்கு யோசித்தாலும் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

நீ போன பிறகு அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தம்பி பம்பாய்க்குக் கூப்பிட்டான், போகவில்லை. நான் உறையூருக்குக் கூப்பிட்டேன், தலையை மட்டும் ஆட்டினார், வரவில்லை. இட்லியைப் பாலில் ஊறப்போட்டுக் கொடுத்தால் பாதி சாப்பிடுவார். அண்ணன் இனி ரொம்ப நாள் தாங்க மாட்டார் என்று அத்தை என்னிடம் மெதுவாகச் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில் போனேன். கதவு பூட்டியிருந்தது. ராஜம்மாளுக்கும் எங்கே போனார் என்று தெரியவில்லை. ஆற்றில் புதுத் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் என்ன நினைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். படித்துறைக்கு ஓடினேன். குளித்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் கேட்டேன், யாரும் பார்க்கவில்லை. ராஜம்மாள்தான் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டி வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயிலில் தெருமுனையில் அப்பா வந்தார், கன்னம் வீங்கி, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு.

"எங்கப்பா போனீங்க?"

உள்ளே போய் முற்றத்தில் ரத்தத்தைத் துப்பினார். வாயில் இருந்த பஞ்சை எடுத்துப் போட்டார்.

"தெப்பக்குளம் பக்கத்துல பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன். மிச்சம் இருந்ததையும் பிடுங்கச் சொல்லிட்டேன். புண்ணு ஆறினதும் புது செட் கட்டித் தராராம்."

"இப்ப எதுக்குப்பா?"

அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் நின்னுக்கிட்டிருந்தேம்மா. அவ உன்கிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. அவ ஆசைப்பட்டுக் கேட்டது எனக்குக் கேக்காமயே கிடைச்சிருக்கு. நான் அதை நாற்காலியில போட்டு வச்சிருக்கேன்." நீ போனபோது அழாதவர் அன்றைக்குத்தான் அழுதார்.

ரொம்ப மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே. பல் செட் சரியாகப் பொருந்தவில்லை, பாதி நேரம் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சாயங்காலமானால் இன்னும் பேச்சே இருக்காது. ஆனால் சோறு சாப்பிடுகிறார். கண்ணாடி மாற்றிக்கொண்டார். "நாலு நாள்" என்ற பேச்சு மட்டும் வாயில் வருவதில்லை.

எனக்கும் முப்பத்தாறு முடிந்துவிட்டது. உன்னை மாதிரி சிரித்துக்கொண்டே வயதாக எனக்கு வருமா என்று தெரியவில்லை. என் சுபாவம் அப்பாவைக் கொண்டது என்று நீயே சொல்வாய். முடியாததை உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் கொடுக்கிறேன். உனக்குக் கொடுத்து வைக்காத அறுபதும் எழுபதும் எனக்கு வந்தால், முட்டி வலிக்கிறது, கண் மங்குகிறது என்று சொல்வேனே தவிர, ஏன் வந்தாய் என்று அவற்றைக் கேட்க மாட்டேன். வாசலுக்குப் போய், "வா" என்று கூப்பிடுவேன் அம்மா.

வயதில் ஒருநாள் உன்னைத் தாண்டப் போகிற
உன் மூத்த மகள்,
கமலம்