சிட்டு எழுதாமல் விட்ட சரணம்

கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை. மழை விடவில்லை.

சிட்டு, அம்மா இன்றைக்கும் குன்னூரில் உன் சிநேகிதி மேரி வீட்டுக்குப் போனேன். நீங்கள் இருவரும் பாட்டுப் பதிந்த அதே சின்ன அறை. சத்தம் வராமலிருக்க ஜன்னலில் கம்பளி தொங்குகிறது. நீ போன பிறகு பாதியில் நிற்கிற உன் பாட்டை முடிக்கத்தான் அவளிடம் கற்றுக்கொள்கிறேன்.

இரண்டாவது சரணத்துக்கு நீ வார்த்தையே எழுதவில்லை. மெட்டை மட்டும் "ம்ம்ம்" என்று பாடி வைத்திருக்கிறாய். அதற்கு நான் நாலு வரி கட்டியிருந்தேன். காதில் மாட்டிய கருவியில் டிக் டிக்கென்று தாளம் ஓடியது. நான் அதை முந்திக்கொண்டே போனேன்.

"ஏனுங்கம்மா, தேயிலைக் கொழுந்து பறிக்கற வேகத்துல பாடறீங்க. பின்னால கங்காணி யாரும் நிக்கலீங்க," என்று மேரி சிரித்தாள்.

"பழகுன கை கண்ணு, சும்மா இருக்காது," என்றேன்.

கைகளை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பாடினேன். தாளத்தில் உட்கார்ந்துவிட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் கேட்டாள். "ரெண்டு குரலும் ஒண்ணா வந்தா வார்த்தை புரியாதுங்கம்மா. அந்த எடத்துல மட்டும் சிட்டு குரலை எடுத்துறட்டுங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். உன் நினைவு நாளில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறோம். மேரி நாளைக்குப் பதில் கேட்பாள்.

என் வரிகள் மோசமில்லை. ஆனால் நீ "ம்ம்ம்" என்கிற இடத்தில், நடுவில் நீ மூச்சு வாங்குவது கேட்கிறது. அதையுமா எடுக்கச் சொல்வேன்?

அந்த இடத்தில் நீ என்ன பாட நினைத்திருந்தாய், சிட்டு?