பாய்ப்படகில் புதுக் கயிறு

ஜார்ஜ் டவுன், பினாங்கு
12 செப்டம்பர் 1934

அன்புள்ள கணவருக்கு ஜூலியானா எழுதுவது.

நான் சுகமே. தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வைத்தியர் சொன்னதை எழுதுங்கள். தாங்களாக முடிவு செய்ததை எழுத வேண்டாம். கிறிஸ்துமசுக்கு இங்கே வரட்டுமா என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை வேண்டாம் என்று எழுதியும் கேட்கிறீர்கள்.

பள்ளி வேலை போக, சனிக்கிழமைதோறும் அக்கரையில் பெண்களுக்கு வகுப்பு எடுக்கப் பாய்ப்படகில் போகிறேன். ஆட்கள் கடலில் விழாமலிருக்க, படகின் விளிம்பைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். சென்ற வாரம் பாதி வழியில் அது என் கையோடு அறுந்து வந்தது. நான் படகுக்குள்தான் விழுந்தேன். புடவை நனைந்தது, அவ்வளவே. ஊரில் சொல்லிப் பெரிதாக்க வேண்டாம்.

கரையேறியதும் படகோட்டி இராயப்பனைப் பிடித்துக்கொண்டேன்.

"அழுகுன கயித்தையா கட்டி வைப்பே?"

"மத்தவங்க யாரும் அதத் தொடுறதே இல்ல, டீச்சரம்மா. அலை அடிச்சா பக்கத்துல இருக்கிற ஆளப் பிடிச்சுக்குவாங்க. நீங்க ஒருத்தங்கதான் கயித்தப் பிடிக்கிறீங்க. மாத்திடுறேன்லா, கோவிக்காதீங்க."

இரண்டு பக்கமும் புதுக் கயிறு கட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்று, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தேன். உறுதியான கயிறுதான், ஆனால் புது நார் உள்ளங்கையை அறுக்கிறது. அலமாரியின் கீழ்த்தட்டில் என் நூல் கையுறைகள் இருக்கின்றன. அவற்றைத் தபாலில் அனுப்ப வேண்டாம். தாங்களே கொண்டு வாருங்கள்.

தபால் கப்பலுக்கு நேரமாகிறது. படகில் என் வலப்பக்கம் உட்காருங்கள். இடக்காது இப்போது கேட்பதில்லை.

ஜூலியானா