தறியில் சொல்லும் "ம்"

மாசி அமாவாசை, 1972.

அமாவாசை என்பதால் இன்றைக்குத் தறிக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டதும் நானும் என் பெண்டாட்டி சரசுவும் கேரம் ஆட உட்கார்ந்தோம். அவள் தம்பி மெட்ராசிலிருந்து வாங்கி வந்த போர்டு. வந்த நாளிலிருந்து நான் அவளை ஜெயித்தது இரண்டு தடவை இருக்கும்.

இன்றைக்கும் தோற்கிற நிலைமைதான். அவளுக்கு ஒரே காய் பாக்கி, அதுவும் குழி வாயிலேயே கிடந்தது. மூச்சைப் பிடித்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "ம்" என்றேன்.

தறியில் நான் "ம்" என்றால் பக்கத்தில் இருக்கும் அவள் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை உடனே தள்ளுவாள். யோசிக்கவே மாட்டாள். அதே மாதிரி விரல் சுண்டிவிட்டது. காய் அசையவில்லை, ஸ்ட்ரைக்கர்தான் வேறு குழியில் விழுந்தது. அடுத்த கையில் நான் ஆட்டத்தை முடித்துவிட்டேன்.

"வேணும்னேதானே சொன்னீங்க?"

"இல்லம்மா, பழக்கத்துல வந்துடுச்சு. காமாட்சி மேல சத்தியம்."

"அம்மன வேற இழுக்காதீங்க. நாளைக்குத் தறியில 'ம்', 'ம்'னு சொல்லிக்கினு இருங்க, நாடா வருதான்னு பாக்கலாம்."

ராத்திரி பேசாமல் இட்லி வைத்தாள். மிளகாய்ப்பொடியில் மட்டும் எனக்குப் பிடித்த மாதிரி எண்ணெய் நிறைய விட்டிருந்தாள்.

கரையைத் தனி நாடாவில் கோர்த்து நெய்யும் கோர்வைப் புடவையை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. அது ஒரு கவலை. அம்மன் மேல் பொய்ச் சத்தியம் பண்ணியது இன்னொரு கவலை. ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன். இந்த நோட்டுக்கு மட்டும் சொல்லிவைக்கிறேன்.

உள்ளேயிருந்து "ம்" என்கிறாள். விளக்கை அணைக்க வேண்டுமாம். யோசிப்பதற்குள் என் கை விளக்குக்குப் போய்விட்டது.