பின் சக்கரத்துக்குள் இருந்தது

செங்கல்பட்டு,
ஞாயிறு மாலை.

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். நானும் அத்தையும் நலம். அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மழை பிடித்ததிலிருந்து முட்டிவலிதான் கூடியிருக்கிறது. எதிர்வீட்டுத் தௌசிஃப் விடுமுறை முடிந்து இந்த வாரம் மஸ்கட் திரும்புகிறான். அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் சொல்ல வந்ததை முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவீர்கள். இதை மட்டும் முழுதாகக் கேட்க வேண்டும்.

உங்கள் புல்லட் ஓடுகிறது. தை பிறந்ததும் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவேன், அதற்குள் வண்டியை யாரிடமாவது கொடுத்துச் சரிபண்ணி வை என்றீர்கள். நான் யாரிடமும் கொடுக்கவில்லை. நானே பிரித்து, நானே பூட்டினேன். மெக்கானிக்கிடம் இருக்கிறது என்று போனில் சொன்னதெல்லாம் பொய்.

கொடுக்கப் போகாமல் இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "வூட்டுக்காரர் வரட்டும்மா, அவர் கையில பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மாமல்லபுரத்தில் கடலோரம் ஓட்டல் நடத்துகிற ஒருவர், யார் சொன்னார்களோ, வீடு தேடி வந்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, "ஓட்டறதுக்கு இன்னாத்துக்கு? சுவத்துல மாட்டி லைட்டு வுட்டா, வர்றவன்லாம் போட்டோ எடுத்துகினே கீவான்" என்றார். விலை பேசும்போதே பெட்ரோல் டேங்கின் மேல் வெற்றிலை எச்சில் தெறித்தது. அவர் போனதும் அதைத் துடைத்தேன். துடைத்த கையோடு கடைக்குப் போய் ஸ்பேனர் செட் வாங்கி வந்தேன்.

பொத்தேரிக் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற கை இது. ஒரு துளி கறை இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவள் காற்று வடிகட்டி இருக்கும் பெட்டியைத் திறந்தால், உள்ளே எலி கூடு கட்டி, குட்டி போட்டு, குட்டிகளோடு செத்துக் காய்ந்து கிடந்தது. கிழிந்த என் பழைய உள்பாவாடைதான் அதற்கு மெத்தை. எஞ்சினுக்கு அடியில் திருகாணியைக் கழற்றியபோது வந்ததை எண்ணெய் என்று சொல்ல முடியாது. தார் போலவும் இல்லை, கூழ் போலவும் இல்லை. நாற்றம் மட்டும் சாக்கடையை ஒத்திருந்தது. எத்தனை முறை சீயக்காய் போட்டும் அது என் தலையை விட்டுப் போகவில்லை. காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெதுவாக நகர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். கிடந்த வண்டியில் துருவும் எலியும் இருக்கத்தான் செய்யும். என்னால் பொறுக்க முடியாமல் போனது உங்கள் வேலையைத்தான். "என் வண்டியில எவனையும் கைவைக்க வுடமாட்டேன், எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அந்த வேலையை. பெட்ரோல் டேங்கின் ஓட்டையைத் துணி சோப்பு வைத்து அடைத்து, அதன் மேல் பெயிண்ட் அடித்திருந்தீர்கள். கிளட்ச் கம்பி அறுந்த இடத்தில் கொடிக்கம்பியை முறுக்கியிருந்தீர்கள். சைலென்ஸரைப் பிடிக்க வேண்டிய போல்ட் இருக்கும் இடத்தில் மரத்துண்டு. ஒவ்வொன்றாகக் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பி வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருந்தீர்கள். நீங்கள் பெண் பார்க்க வந்தபோது, அந்தப் பளபளப்பில்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் மயங்கினோம்.

பின் சக்கரத்தைக் கடைசியாகத்தான் கழற்றினேன். இனி எழுதப் போவதை நிதானமாகப் படியுங்கள்.

நாம் விழுந்த அன்று குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொல்லையில் போட்ட புல்லட் அது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை; நீங்களும் சில மாதங்களில் மஸ்கட் போய்விட்டீர்கள். ஆக, சக்கரத்துக்குள் இருந்தது எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. பிரேக் ஷூவில், உரசிச் சக்கரத்தை நிறுத்துகிற லைனிங் என்பதே இல்லை. அதன் முனையில், மடித்து மடித்துச் செருகிய ஒரு தகரத் துண்டு.

ஸ்டேஷன் பக்கத்தில் பிரேக் ஷூவுக்கு லைனிங் ஒட்டித் தருகிற தேவசகாயத்திடம் அப்படியே எடுத்துப் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? ஷூ மொத்தமா தேஞ்சி பூட்ச்சி, தகரத்த முட்டுக் குட்த்து வெச்சிகீது. இது மொத ரெண்டு மிதிக்குப் புடிக்கிற மாதிரி காட்டும். அவசரத்துக்கு அழுத்துனா தகரம் நசுங்கிக்கும், கால்தான் கீழ போவும், வண்டி நிக்காது. இத்த வெச்சுகினு பின்னாடி ஆளை வேற ஏத்துவானா ஒருத்தன்?"

யார் செய்த வேலை என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

தகரத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மடிப்பைப் பிரித்துத் துடைத்தேன். மஞ்சள் பெயிண்ட் தெரிந்தது. அதன் மேல் பாதி எழுத்துகள். எனக்கு அந்தக் காலத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்த புரதமாவு டப்பாவின் மூடி அது. காணோம் என்று நான் அடுக்களை முழுக்கத் தேடியது நினைவிருக்கிறதா? பழைய பேப்பர்காரன் எடுத்துப் போயிருப்பான் என்றீர்கள். டப்பாவைத் தட்டு போட்டு மூடி வைத்தேன். எறும்பு ஏறியது. பிள்ளைக்கு நல்லது என்று, எறும்பைச் சலித்துச் சலித்து அந்த மாவைக் குடித்தேன்.

கொல்லையிலேயே வாந்தி எடுத்தேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரம் போகிற சாலையில், என் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாடு குறுக்கே வந்தது. உங்கள் கால் பிரேக்கை மிதித்தது. மறுபடியும் மிதித்தது. மறுபடியும். அதை நான் பார்த்தேன். பார்த்தது இன்னதென்று இத்தனை வருடம் புரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கு மயக்கம் தெளிந்தபோது, கதவுக்கு வெளியே நீங்கள் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அவ தூக்குச்சட்டிய இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்துனாம்மா. வண்டி ஆடிப் பூட்ச்சி." அதுவரை நான் அழவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அழுதேன், ஏனென்றால் நான் நம்பிவிட்டேன். கை மாற்றினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் சொன்னதால் மாற்றியிருப்பேன் என்று முடிவு செய்துகொண்டேன். வயிற்றிலிருந்த ஐந்து மாதத்துப் பிள்ளையை ஒரு தூக்குச்சட்டிக்காகத் தொலைத்தவள் என்றுதான் இத்தனை காலமும் என்னை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிள்ளை தங்கவில்லை. அதற்கும் அத்தையிடம் அதே காரணம்தான் இருந்தது. கல்யாண வீடுகளில், சாவு வீடுகளில், எனக்குக் காது கேட்கும் தூரத்தில்.

தகரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அன்று உள்ளே போனேன். அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னாடி அது கையில?" என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் யோசித்துப் பார்த்தால், அது நான் சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை.

புது ஷூ போட்டேன். கொளவாய் ஏரிப் பக்கம் வெற்றுச் சாலையில் ஓட்டிப் பழகினேன். லைசென்ஸும் எடுத்துவிட்டேன். இரண்டு சக்கர வண்டியில் ஏறவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தவள், போன ஞாயிற்றுக்கிழமை அதே சாலையில் போனேன். அந்த இடம் வந்ததும் வேகத்தைக் கூட்டி, ஒரேயடியாகப் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த வேன்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அருவருப்புதான் மிஞ்சியது. இவ்வளவுதானா என்றிருந்தது. ஒரு ஜோடி ஷூ, ஒரு சாயங்கால வேலை. அதைச் செய்யச் சோம்பல்பட்டு என் அடுக்களையில் மூடி தேடியிருக்கிறீர்கள்.

அதன் பிறகும் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். இன்று காலை வண்டியை வெளியே எடுத்தபோது, வாசலில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த தெருக்காரர்கள் முன்னால் அத்தை சொன்னார்கள்: "பாத்து ஓட்டுடி. மறுபடியும் எத்தையாச்சும் வுழ வுட்டுடப் போற." எல்லோரும் குனிந்து கத்தரிக்காயைப் பொறுக்கினார்கள். நானும் வழக்கம்போல வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேட்டால் என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியாது; நீங்கள் கேட்பதைக் காதில் வாங்குகிற பொறுமையும் இப்போது இல்லை. தையில் வருவதும் உங்கள் இஷ்டம், இது உங்கள் வீடு. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அத்தையிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் மருமகள் கட்டிய கதையாகிவிடும். அவர்களுக்கும் வயதாகிறது. நடக்காத ஒன்றை நம்பிக்கொண்டே அவர்கள் போய்விட்டால், பிறகு அதைத் திருத்த ஆள் கிடையாது.

அடுத்த ஞாயிறு காலையில் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவேன். மதியம்வரை வீட்டில் இருக்க மாட்டேன். அத்தையின் போனில் பணம் போட்டு வைத்திருக்கிறேன், சத்தத்தையும் கூட்டி வைத்துவிட்டுப் போகிறேன். அந்த நேரத்தில் கூப்பிடுங்கள். சொன்னீர்களா என்று நான் உங்களிடம் கேட்க மாட்டேன். கதவைத் திறக்கும்போது அவர்கள் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்குத் தெரிந்துவிடும்.

அங்கே வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்ச்செல்வி