பாமா வந்த கார்த்திகை

கார்த்திகை 5, சனி

தூறல். விட்டு விட்டுத் தூறல். காலையில் சொசைட்டி வண்டி வந்தது. பீப்பாயை இறக்குவதற்குள் வேட்டியெல்லாம் சேறு. ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்துவிட்டது என்று அடி அண்ணாமலை ஊர் முழுக்க எப்படித்தான் தெரியுமோ. நான் பூட்டைத் திறக்கும் முன்பே வரிசை.

இவர்கள் வாயில் பாமாயில் நுழையாது. பாமா. அவ்வளவுதான். "பாமா வந்துட்டாளா சார்?" "பாமா எத்தினி நாள் இருப்பா?" வரிசையில் முதல் ஆள் எப்போதும் கிளியம்மா. களை எடுக்கிறவள், வாய் மட்டும் ஊர்ப் பெரிய மனுஷி. இன்று சொன்னாள்: "சாருக்கு இன்னா கவலை, தனியா கீறாரேன்னு பாத்தேன், பாமா வந்துட்டா துணைக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். முறைத்தால், அளவில் கை வைக்கிறான் என்பார்கள்.

வாங்க வேண்டியவை: தீப்பெட்டி, புளி, ரேடியோவுக்கு பேட்டரி. எண்ணெய் வேண்டாம். வீட்டில் சீசா காலிதான். அண்ணன் கொடுக்கும் எண்ணெய் டின் வந்துவிடும்.

அண்ணன் வாசலில் மல்லாட்டை காய்கிறது. ஆபீஸ் காகிதத்தில்தான் நிலக்கடலை. எங்களுக்கு மல்லாட்டை. தூறல் விழுந்தால் அண்ணி ஓடி வந்து தார்ப்பாய் போடுகிறாள், விட்டதும் எடுக்கிறாள். நாளெல்லாம் அதே வேலை. காய் நல்ல காய். உலுக்கிப் பார்த்தேன், சத்தமே இல்லை, அவ்வளவு நிறைந்திருக்கிறது.

கார்த்திகை 9, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. டவுனில் சொசைட்டி ஆபீஸ் வேலை முடித்து, திரும்பும்போது ஜாபர் பாய் எண்ணெய் மில்லில் இறங்கினேன். மில்லில் பாதி ஓடவில்லை. பாய் கல்லாவை விட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"மெட்ராஸ் பார்ட்டி எண்ணெயே கேக்க மாட்டேன்றான் சார். ஓட்டல்காரன்லாம் பாமாயிலுக்குப் போய்ட்டான். கப்பல் கப்பலா எறக்குது கவர்மெண்டு. நம்ம எண்ணெய் வெல ஜாஸ்தின்றான். வெல கம்மி பண்ணா நான் மில்ல மூடணும், இல்ல மல்லாட்டக்காரன் கழனிய மூடணும்."

அண்ணனும் காலையில் வந்தாராம். சாம்பிள் காட்டினாராம். பாய் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னாராம். எத்தனை வருஷமாக அண்ணன் மூட்டையைப் பார்க்காமலேயே விலை சொன்னவர்.

ராத்திரி அண்ணன் கூப்பிட்டார். எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஆள் உயரச் சுவர் ஒன்று. பாகம் பிரித்தபோது எழுப்பியது. நிலம் அவருக்கு, உத்தியோகம் இருக்கிறதே என்று எனக்குப் பாதி வீடு. சுவருக்கு மேல் அவர் தலை மட்டும் தெரிந்தது.

"ஏன்டா, உன் கடையில அந்த எழவ நிறுத்தக் கூடாதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா கப்பல்ல ஏத்திவுட்டேன்? வர்றத அளந்து ஊத்துறேன். நான் ஊத்தலன்னா வேற ஒருத்தன் ஊத்துவான்."

"நீ ஊத்தாம இரு. வேற ஒருத்தன் ஊத்தட்டும்."

தலை இறங்கிவிட்டது. நான் சொன்னது சரிதான். சொன்ன விதம் சரியில்லை. அவர் சொன்னதும் அப்படித்தான்.

கார்த்திகை 14, திங்கள். தீபம்

காலையிலிருந்து பனிக்காற்று. டவுனுக்குப் போகவில்லை, அந்தக் கூட்டத்தில் யார் மிதிபடுவது. கடை வாசலில் இருந்தே மலையைப் பார்த்தேன். சாயங்காலம் தீபம் தெரிந்ததும் ஊரே "அரோகரா" என்றது. நானும் சொன்னேன். பக்கத்தில் யாருமில்லை, சத்தம் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

அகல் ஏற்ற எண்ணெய் இல்லை. கடையில் ஒரு பீப்பாய் இருக்கிறது, வீட்டில் ஒரு சொட்டு இல்லை. சொன்னால் கிளியம்மா நம்புவாளா? அண்ணி சுவர் மேல் வரிசையாக அகல் வைத்தாள். சுவர் பொது. அதனால் வெளிச்சம் இந்தப் பக்கமும் விழுந்தது. பெண்டாட்டி சரசு உயிரோடு இருந்தால் விளக்கு இல்லாத தீபம் நடக்குமா. போன வருஷம் இந்த நேரம் டின் வந்துவிட்டது.

அந்த டின் விஷயம் எங்கேயும் எழுதி வைத்ததில்லை, யாரும் பேசி முடிவு செய்ததில்லை. மல்லாட்டை காய்ந்ததும் முதல் மூட்டை பாய் மில்லுக்குப் போகும். அதில் ஒரு டின் எண்ணெய் இந்தப் பக்கம் வரும். பழைய பிஸ்கட் டின், மூடியில் கிளிப்படம், பிடிக்கு வளைத்த கம்பி. அண்ணன் கொண்டுவந்து வைப்பார். "வச்சுட்டேன்" என்பார். போய்விடுவார். வருஷத்தில் அவர் என் வாசற்படி ஏறுவது அதற்கு மட்டும்தான்.

கார்த்திகை 24, வியாழன்

குளிர் நிஜமாகவே குளிர். காலை எட்டு மணிக்கும் போர்வை. கடை திறந்தால் வாசலில் சந்தைக்கடை. கையில் சீசா, தூக்கு, சொம்பு. பாமா உறைந்துவிட்டாள்.

"இன்னா சார் இது, கொழுப்பு மாதிரி கீது?"

"மாட்டுக் கொழுப்பக் கலந்துட்டானுங்க. நான் அப்பவே சொன்னேன்."

"டால்டாவ காய்ச்சி ஊத்திட்டு எண்ணெய்னு ஏமாத்துறாரு."

கிளியம்மா சீசாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. "ஊத்த வராத எண்ணெய எப்பிடி சார் வழிய வெக்கிறது? எங்க சாமி வூட்ல இதுலதான வெளக்கு ஏத்தனேன்!"

குளிர்ந்தால் உறையும் அம்மா, தேங்காய் எண்ணெய் உறையவில்லையா என்றேன். தேங்காய் எண்ணெய் தலைக்கு, இது வாய்க்கு என்றாள்.  சமையலுக்கு மல்லாட்டை எண்ணெய் தவிர வேறு எண்ணெய் பழகாத ஊர். இந்தக் குளிருக்கு மல்லாட்டை எண்ணெய் உறைந்து யார் பார்த்தார்கள்?

பீப்பாயும் கல். கரண்டி இறங்கவில்லை. அளந்து ஊற்றினால்தானே அளவு. கல்லை எப்படி அளப்பது? கடையை மூடினேன். மத்தியானத்துக்குள் மனு டவுனுக்குப் போய்விட்டது. சாயங்காலமே ஆபீசர் ஜீப்பில் வந்தார். மூக்கைப் பீப்பாயில் விட்டுப் பார்த்தார். "சரக்கு நல்ல சரக்கு. ஜனங்களுக்கு நம்பிக்கை வரணும். சனிக்கிழமை கடை வாசல்ல அடுப்பு வைங்க. பஜ்ஜி சுடுங்க. எல்லாருக்கும் குடுங்க. முதல்ல நீங்க சாப்பிடணும், எல்லாரும் பாக்கிற மாதிரி."

சரிங்க சார் என்றேன். வேறென்ன சொல்வேன்.

கார்த்திகை 26, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

வாழைக்காய், கடலைமாவு, மிளகாய்த்தூள். எல்லாம் ஆபீசர் சொன்னபடி. பீப்பாயைச் சுற்றி மல்லாட்டைத் தோல் மூட்டம் போட்டு உருக்கினேன். தோல் பாய் மில்லில் வாங்கியது, சைக்கிளில் இரண்டு சாக்கு. நன்றாக எரிந்தது. பாமா கரைந்தாள். வாணலி வைத்தேன். ஊரே சுற்றி நின்றது. பஜ்ஜி உப்பி வந்தது, நன்றாகத்தான் வந்தது. கிளியம்மா, "பொம்பளங்க தோத்தாங்க போ" என்றாள்.

ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க." ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கொதிக்கக் கொதிக்க. வீட்டில் எண்ணெய் தீர்ந்த பிறகு பொரித்தது எதுவும் நாக்கில் பட்டதில்லை. பொய் சொல்லக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு மென்றேன்.

கண்ணைத் திறந்தால் எதிரில் மாட்டு வண்டி. வண்டியில் மூட்டைகள். பக்கத்தில் அண்ணன். கூட்டம் வழியை அடைத்ததால் நின்றிருக்கிறார். அடுப்பைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார்.

"ருசியா கீதாடா?"

வாய் நிறைய பஜ்ஜி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வண்டி போய்விட்டது.

எல்லாரும் சாப்பிட்டார்கள். எல்லாரும் பாமா வாங்கினார்கள். கிளியம்மா தன் பங்கு பஜ்ஜியை முந்தானையில் முடிந்துகொண்டாள், வீட்டில் பிள்ளைகள் தீபாவளிக்குத் தின்றதோடு சரியாம். "இந்தப் பாமா வரலன்னா எங்கூட்டு வாணலி துருப் புடிச்சுக் கெடக்கும் சார்." அவளையும் தப்புச் சொல்ல முடியாது. ஆபீசர் கை கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கையைக் கழுவினேன், எண்ணெய்ப் பிசுக்கு போகவே இல்லை.

மார்கழி 1, புதன்

விடியற்காலை கோவில் மைக். பனி. அண்ணன் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம், வாளிச் சத்தம், இருமல். பேச்சு இல்லை. சுவருக்கு மேல் தலை இல்லை. சுவர் ஓரம் நின்று வேண்டுமென்றே தொண்டையைக் கனைத்தேன். அந்தப் பக்கம் வாளியை நகர்த்தும் சத்தம் நின்றது, அவ்வளவுதான்.

ராத்திரி ரசம். தாளிக்காமல். சுட்ட அப்பளம். தாளிக்காத ரசம் மருந்து மாதிரி இருக்கிறது. என் கடையில் என் கார்டுக்கும் பாமா உண்டு. எடுத்திருக்கலாம். எடுத்தால் டின் வேண்டாம் என்று நானே சொன்னதாகிவிடும். இது என்ன வீம்பு என்று சரசு கேட்டிருப்பாள். கேட்க ஆள் இல்லாததால் வீம்பு வளர்கிறது.

இன்னொன்று. சுவருக்கு அந்தப் பக்கம் தாளிக்கிற வாசனை தினமும் வரும். அதை மோந்துதான் நான் சோறு தின்பேன், கேவலம், யாரிடம் சொல்வது. இரண்டு மூன்று நாளாக அதுவும் இல்லை. எனக்குப் போகக் கூடாது என்று அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டாளா அண்ணி? அவ்வளவு தூரம் போய்விட்டதா?

மார்கழி 4, சனி

மேகமூட்டம். தோல் வாங்கப் பாய் மில்லுக்கு. பாய் டீ சொன்னார். அவரே பேச்சை எடுத்தார்.

"அண்ணன் எல்லாத்தையும் போட்டுட்டாரு சார், தெரியுமில்ல?"

எல்லாத்தையும் என்றால்?

"எல்லாத்தையும்தான். அன்னிக்கு வண்டியில வந்ததுதான். வூட்டுக்கு ஆட்றதுக்குன்னு ஒரு மூட்ட வெப்பாரே, அத்தயும் எறக்கிட்டாரு. வெதக் காயும் எறக்கிட்டாரு. நான் வேணாம்னு சொன்னேன். வெல ஏறும், வெதைய வெச்சுக்கங்கன்னேன். 'என் தம்பியே அத்த தின்றான் பாய், இனிமே மல்லாட்ட யாருக்கு?'ன்னாரு. கரும்பு போடப் போறேன்னாரு."

டீ ஆறிவிட்டது. பாய் வேறு ஏதோ சொன்னார், காதில் ஏறவில்லை. வீட்டுக்கு ஒரு மூட்டைகூட வைக்கவில்லை என்றால் அவர்கள் வீட்டிலும் எண்ணெய் இல்லை. அடுப்பு அங்கேயேதான் இருக்கிறது. நான் ஒரு மடையன்.

பிஞ்சு வயசிலிருந்து அந்தக் கழனியில் மல்லாட்டைதான். கரும்பாம். கரும்பு ஆலைக்காரன் மட்டும் என்ன, மாமனா மச்சானா?

மார்கழி 5, ஞாயிறு

கடை லீவு. அண்ணனோடு பேசிவிடுவது என்று குளித்துத் துவைத்த சட்டை போட்டேன். அவர் வாசல் வரை போனேன். அண்ணி கோலத்தின் மேல் சாணிப் பிள்ளையார் வைத்துக்கொண்டிருந்தாள். "அவரு கழனிக்குப் போய்ட்டாரு" என்றாள். உள்ளே இருமல் கேட்டது. அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். சரி அண்ணி என்று வந்துவிட்டேன்.

பேட்டரி தீர்ந்துவிட்டது. ரேடியோ முனகுகிறது.

மார்கழி 8, புதன்

பனி இன்னும் விலகவில்லை. பீப்பாய் மறுபடி கல். தோல் மூட்டம் போட்டுவிட்டுத் தலையைத் தூக்கினால், வரிசையின் கடைசியில் அண்ணன். கையில் கிளிப்படம் போட்ட டின்.

 எங்கேயோ மல்லாட்டை வாங்கி ஆட்டிக் கொண்டுவந்துவிட்டார் என்றே நினைத்தேன். வீட்டில் வைக்காமல் ஏன் கடைக்கு என்றுகூட யோசிக்கவில்லை. கடுகு வாங்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு ஒவ்வொரு கார்டாகப் பதிந்தேன்.

அவர் முறை வந்தது. டின்னைப் பலகை மேல் வைத்தார். டங் என்று காலிச் சத்தம். பக்கத்தில் கார்டு. அந்தக் கார்டில் எண்ணெய்க் கட்டம் மொத்தமும் வெள்ளையாக இருந்தது. அவர் அதுவரை ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

"எவ்ளோ குடுப்பீங்க சார்?"

சார். அண்ணன் என்னைக் கூப்பிட்டது.

கார்டைப் பதிந்தேன். தேதியைத் தப்பாகப் போட்டு அடித்தேன். எண்ணெய் உருக இன்னும் நேரம் ஆகும், எல்லாரும் உட்காருங்கள் என்றேன். அவர் மூட்டத்துக்குப் பக்கத்தில் குந்தினார். தோலைக் குச்சியால் தள்ளிவிட்டார். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். நானும் போய்ப் பக்கத்தில் குந்தினேன், தீயைப் பார்க்கிற சாக்கில்.

என்னைப் பார்க்காமலே கேட்டார். "பாமாதான் உனுக்குப் புடிச்சுப் போச்சுன்னு இருந்தேன். உன் பக்கம் கடுகு வெடிக்கிற சத்தமே கேக்கலியே. கார்த்திகை பொறந்தாப்புல இருந்து கேக்கல. ஏன்டா, நீ எடுத்துக்கறது இல்லியா?"

"உன் டின்னு வரும்னு இருந்தேன்."

அவர் குச்சியைத் தீயில் போட்டுவிட்டார். பீப்பாயை எட்டிப் பார்த்து, "உருகிடுச்சு பாரு" என்றார்.

அளந்து ஊற்றினேன். டின்னை அவரே தூக்கிக்கொண்டார். எண்ணெய் ஆடக்கூடாது என்று மெதுவாகத் தன் வீட்டுக்கு நடந்து போனார், என் வாசற்படிக்கு வருகிற வருஷமெல்லாம் நடந்த அதே நடை.

ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. மல்லாட்டை எண்ணெய் வாசனை வரவில்லை.