அடுப்பு அடியில் போன கதை

செல்லச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, மாடியில் துணி எடுத்து வரச் சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. எனக்கோ இன்று கால் தரையில் பாவவில்லை, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் சரக்கு அனுப்பும் அதிகாரிகளை ஒன்றாக உட்காரவைத்துத் திட்டம் போடக் கற்றுக்கொடுக்கிறேனே, அந்த வகுப்புக்கு நேற்று கடைசித் தேர்வு. சொதப்பினால் வகுப்பையே மூடிவிடுவதாகத் தளபதி சொல்லியிருந்தார். சரக்கை லாரியிலும் படகிலும் எதிர்க்கரைக்குக் கொண்டுபோய், முகாம் போட்டு, அங்கேயே சமைத்து, அவருக்கு மதியச் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பொறுப்பேற்ற மூவரும் வகுப்பு முழுக்க உங்க ஆள், எங்க ஆள் என்று ஒருவரை ஒருவர் குறை சொல்லியே பொழுதைப் போக்கியவர்கள். தரைப்படை மீசைக்காரர் அடுப்பையும் அரிசியையும் லாரியில் கடைசியாக ஏற்றினார், இறக்கும்போது அதுதானே முதலில் கைக்கு வரும், சரிதான். முதலில் இறங்கிய அடுப்பைக் கடற்படைப் பெண் படகின் அடியில் வைத்தாள், கனமானது கீழே இருந்தால்தான் படகு ஆடாது, அதுவும் சரிதான். அதன் தலையில் கூடாரமும் கட்டிலும் மலையாக ஏறிக்கொண்டன. விமானப்படைக் கண்ணாடிக்காரரோ தளபதியை ஹெலிகாப்டரில் சொன்ன நேரத்துக்கு முன்பே கொண்டுவந்து இறக்கிவிட்டார். தனித்தனியாகப் பார்த்தால் மூவருக்கும் நூற்றுக்கு நூறு, கரையில் பார்த்தால் படுக்கக் கட்டில் இருக்கிறது, சாப்பிடச் சோறு இல்லை. தளபதி பசியில் மணலை அளந்துகொண்டிருந்தார், எனக்குச் சிரிப்பை அடக்கவும் முடியவில்லை, பயத்தை அடக்கவும் முடியவில்லை.

ஒருவழியாகப் படகைக் காலி செய்து, அடுப்பை மீட்டு, அரைவேக்காட்டுச் சோற்றைப் போட்டார்கள். தளபதி சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, இது யார் தப்பு என்று கேட்டார். போச்சு, இப்போது ஒருவர் மேல் ஒருவர் பழி போடப்போகிறார்கள், நம் வகுப்புக்கு மூடுவிழாதான் என்று நினைத்தேன். மீசைக்காரர் எழுந்து, “என் தப்பு சார், படகுல எப்படி ஏத்துவாங்கன்னு நான் கேக்கவே இல்ல” என்றார். அவர் முடிப்பதற்குள் அந்தப் பெண், இல்லை சார், எது முதலில் வேண்டும் என்று நான்தான் கேட்டிருக்கணும் என்றாள். கண்ணாடிக்காரர் சும்மா இருப்பாரா, உங்களைச் சீக்கிரம் கொண்டுவந்தது நான்தானே என்று நடுவில் புகுந்தார். மூவரும் குற்றத்துக்கு அடித்துக்கொண்டார்கள், சிட்டு. தளபதி என் பக்கம் திரும்பி, “இனி இவங்க ஒண்ணாத்தான் திட்டம் போடுவாங்க. அடுத்த வகுப்பு எப்ப மேடம்?” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. அப்பா போனில் இந்தக் கதையைச் சொல்லும்போது புதிதாகக் கேட்பதுபோல் கேள், நேற்றிலிருந்து தெருவில் யாரையும் விடவில்லை அவர்.

இப்படிக்கு,
இன்னும் குதித்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா